அடிச்சட்டத்தின் பின்பாதி

புரட்டாசி 7, ஞாயிறு

நேற்று மாலை தோப்புத்துறை முக்கில் மொழிக்காப்புக் கூட்டம். மேடை, வழக்கம்போல், என் வண்டியின் பின்தட்டு. ஒலிபெருக்கி நன்றாக அமைந்திருந்தது. காற்றும் கூட்டத்தின் பக்கமே வீசியது. "தமிழினமே, உன் நாவில் படிந்த துருவை நீ துடைத்தெறியும் நாள் எந்நாள்?" என்று முழங்கி வலக்காலை ஓங்கி ஊன்றினேன். வண்டியின் அடியிலிருந்து ஏதோ ஒன்று கழன்று தார்ச்சாலையில் விழுந்தது.

முன்வரிசையில் நின்ற ஒருவன் குனிந்து அதை எடுத்து உயர்த்திக் காட்டினான். கையகலத் தகடு. இரும்பு என்று சொல்வது பழக்கம் கருதித்தான். அவன் விரல்களுக்கிடையே அது அப்பளம்போல் நொறுங்கியது.

"ஐயா, நீங்க கேட்ட துரு இந்தா இருக்கு" என்றான்.

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது என் உரையின் கட்டு குலைந்திருந்தது. முடிவுரையை நடுவுரைக்கு முன்பே பேசி இறங்கிவிட்டேன்.

வீட்டில் மறைநாயகி சோறு போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள். அவள் பிறந்த வீட்டார் அவளை வேதா என்று அழைப்பர். வேதநாயகி என்பதன் சுருக்கம். திருமணத்தன்றே நான் அவள் பெயரைத் தமிழாக்கிவிட்டேன். அவள் இன்னும் அதற்குச் சட்டென்று திரும்புவதில்லை.

"வண்டி ஒடஞ்சு வுழுந்துச்சாமே? கடத்தெரு பூரா அதான் பேச்சு."

"உடையவில்லை. ஒரு தகடு கழன்றது."

"அத்தான் வண்டியும் அன்னைக்கி எடுத்ததுதான். அது தெனம் உப்பு ஏத்துது. ஒரு பொட்டு துரு உண்டா அதுல?"

அத்தான் என்று அவள் சொல்வது தன் அக்காள் கோமளத்தின் கணவன் உத்திராபதியை. எனக்குச் சகலை. எட்டு ஆண்டுகளுக்கு முன் இருவரும் ஒரே நாளில், நாகையில் ஒரே கடையில், அடுத்தடுத்து நின்ற இரண்டு சிறு சரக்குந்துகளை வாங்கினோம். அவன் அகத்தியம்பள்ளி உப்பளத்து மூட்டைகளை நாள்தோறும் ஏற்றுகிறான். நான் கூட்டமுள்ள நாளில் என் வண்டியை மேடையாக்குகிறேன். இல்லாத நாளில் வீட்டு வாயிலில், கடற்காற்றில் நிறுத்துகிறேன். உப்பைச் சுமக்கும் வண்டி துருப்பிடிக்காதாம். தமிழைச் சுமக்கும் வண்டி துருப்பிடிக்குமாம். எந்த அறத்தில் இதைச் சேர்ப்பது?

புரட்டாசி 9, செவ்வாய்

எங்கள் மொழிக்காப்பு மன்றச் செயலாளர் இளவழுதி வந்தான். ஐப்பசித் திங்களில் நம் ஊரில் நடக்கும் மாநாட்டு ஊர்வலத்தில் முதல் வண்டியாக உத்திராபதியின் வண்டியை முடிவு செய்திருக்கிறார்களாம். நான் அதன்மேல் நின்று பேச வேண்டுமாம்.

"ஐயா வண்டி மேல எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. பாதுகாப்பு கருதித்தான்" என்றான்.

பெருமகிழ்ச்சி என்றேன்.

புரட்டாசி 10, புதன்

அழுக்காறு என்னும் குணம் என்னிடம் என்றும் இருந்ததில்லை. இதை இங்கே குறித்து வைப்பது நல்லது.

புரட்டாசி 13, சனி

உத்திராபதி தன் வண்டியை எப்படிப் பேணுகிறான் என்று பார்த்து வரலாம் என மாலையில் சென்றேன். மறைநாயகியும் உடன் வந்தாள்.

வாய்க்கால் கரைச் சரிவில், மூக்கு மேலாகவும் வால் கீழாகவும் வண்டியை நிறுத்தியிருந்தான். வண்டியின் முழுப் பளுவையும் தாங்குபவை அடியில் ஓடும் இரண்டு நீண்ட இரும்பு விட்டங்கள். அடிச்சட்டம் என்று நான் சொல்வேன், சேஸ் என்று அவர்கள் சொல்வார்கள். உள்ளே கூடாக இருக்கும் அந்த விட்டங்களின் துளைகளில் குழாயை நுழைத்து நன்னீரைப் பாய்ச்சினான். பின்புறத் துளைகள் வழியே கலங்கல் நீர் வழிந்தது. நீர் வடிந்து உலர்ந்ததும் பழைய பொறியெண்ணெயைத் துணியில் தொட்டு விட்டம் முழுக்கத் தடவினான்.

"என்ன சகல, புதுசா இந்தப் பக்கம்? குனிஞ்சு பாரு. ஒன் மூஞ்சி தெரியும்."

குனிந்தேன். தெரியத்தான் செய்தது.

"இதன் நுட்பம் என்ன?" என்று கேட்டேன்.

"நுட்பமாவது வெங்காயமாவது. உப்ப உள்ள தங்க வுடப்படாது. அம்புட்டுதான். நானும் எத்தன பேர்ட்ட சொல்லிட்டன். எவன் கேக்குறான்? இந்த ஊருலயே எட்டு வருசத்து வண்டி இப்புடி எவன்ட்டயாவது இருந்தா கொண்டாந்து காட்டச் சொல்லு, மீசைய எடுத்துடுறன்."

தற்பெருமை அவனுக்குப் பிறவிக் குணம். ஆயினும் மறைநாயகி முகவாயில் கைவைத்து அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் உரைகளின்போது அவள் முந்தானையால் வாயை மூடிக் கொட்டாவி விடுவதை மேடையிலிருந்தே பலமுறை கண்டிருக்கிறேன்.

"அத்தான், எங்க வண்டியயும் ஒரு கை பாத்து வுடுங்களேன்" என்றாள். என்னைக் கேட்கவில்லை.

"அதுக்கென்ன வேதா. ஆயுத பூசைக்குள்ள ரெண்டையும் முடிச்சுடுவம். மொதல்ல சகல வண்டி. பொறவு நம்மளுது."

புரட்டாசி 14, ஞாயிறு

பகல் முழுதும் என் வண்டியின் அடியில் இருவரும் சாக்கு விரித்துப் படுத்துக் கிடந்தோம். கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்கத் துரு கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது.

"சகல, இது சேஸா, சல்லடையா? இதுல ஏறி நின்னா கை தட்டுனானுவ? பாவம், உசுரக் கையில புடிச்சிட்டு நின்னுருப்பானுவ."

விட்டங்களில் இன்னும் கனம் இருக்கிறது, தப்பித்துக்கொள்ளும் என்றான். இற்றுப்போன தாங்கிகளை மாற்றினான். கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றேன். "சகலைக்குச் சகல செய்யாம?" என்று கேட்டுவிட்டு மறுபடி அடியில் புகுந்தான்.

மறைநாயகி தேநீர் கொண்டுவந்தாள். முதற் குவளையை அவனுக்குக் கொடுத்தாள். விருந்தினருக்கு முதலில் கொடுப்பது முறை. அதை நான் அறிவேன்.

புரட்டாசி 21, ஞாயிறு

சென்ற கிழமை உப்புத்தாள் இட்டுத் தேய்த்து முடித்தோம். நடுவில் ஒருநாள் துருவைத் தடுக்கும் செங்காவிப் பூச்சு. இன்று அதன்மேல் கறுப்புப் பூச்சு. வண்டி நாகையில் வாங்கிய அன்று இருந்ததுபோல் நிற்கிறது. தெருவில் போனவர் எல்லாரும் நின்று பார்த்தனர்.

"உத்திராபதி கை வச்சா வேறதான்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

நன்றி என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். வண்டி என்னுடையது அல்லவா.

புரட்டாசி 24, புதன்

இன்று பிற்பகல் உத்திராபதி வீட்டுக்குப் போனேன். ஒரு திருப்புளியைத் தர வேண்டியிருந்தது. அவன் உண்டுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தான். வண்டி வாய்க்கால் சரிவில் நின்றது. ஒப்பிட்டறியும் நோக்கத்தோடு அதன் அடியில் சென்று பார்த்தேன்.

துரு இல்லை. எண்ணெயைத் துணியால் வழித்துத் திருப்புளி முனையால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தேன். மூட்டுகளில் இல்லை. துளைகளின் விளிம்புகளில் இல்லை. தாங்கிகளின் மடிப்புகளில் இல்லை. எட்டு ஆண்டு உப்பைச் சுமந்த இரும்பில் ஒரு செம்பொட்டுக்கூட இல்லாதது இயற்கைக்கு மாறானது என்றே எனக்குப் பட்டது.

பின்னச்சுக்கு மேலே விட்டம் வளைந்து ஏறும் இடத்தில், மாற்றுச் சக்கரத்தின் மறைவில், கடைசியாகக் கை வைத்தேன். எண்ணெயும் மண்ணும் மெழுகுபோல் படிந்திருந்தன. வழித்தேன். ஒரு துளையின் ஓரத்திலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு. திருப்புளி முனையை வைத்தேன். முனை உள்ளே இறங்கியது.

துரு அன்று, விரிசல். பாதி விரல் நீளம். துருவை மட்டும் தேடி எட்டு ஆண்டாக எண்ணெய் தடவியவன் கண்ணிலிருந்து அவன் எண்ணெயே இதை மறைத்துவிட்டது. அளவுக்கு மீறி மூட்டை ஏற்றுகிறவனுக்கு இது எதிர்பாராததும் அன்று.

வெளியே வந்தபோது கோமளம் முறத்தோடு நின்றாள்.

"என்ன தம்பி, முதுகெல்லாம் மண்ணு? உருண்டு கிருண்டு வந்தியளா?"

எழுதுகோல் விழுந்துவிட்டது என்றேன்.

மாலையில் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கி உண்டேன். மறைநாயகி வியப்போடு பார்த்தாள். குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன்.

புரட்டாசி 25, வியாழன்

சொல்லத்தான் வேண்டும். சொல்வேன். எதையும் உரிய காலத்தில், உரிய முறையில் சொல்வதே சொல்வன்மை. உறக்கத்திலிருந்து எழுப்பி ஒருவனிடம் அவன் பெருமையை உடைப்பது பண்பாகாது. மேலும், தகுதிச் சான்றுக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது அலுவலர் பார்த்துச் சொல்லத்தான் போகிறார்.

அவர் சொல்லும்போது நானும் அருகில் இருந்தால் நன்றாக இருக்கும்.

புரட்டாசி 28, ஞாயிறு

இன்று அவன் வண்டிக்குப் பூச்சு. செங்காவி தேவைப்படவில்லை, கறுப்பு மட்டும் போதும் என்றான். பாகம் பிரித்தான்.

"முன்பாதி எனக்கு. பின்பாதி ஒனக்கு. எண்ணெயெல்லாம் மண்ணெண்ண வச்சு நல்லாத் தொடச்சுட்டுப் பூசு சகல. தொடைக்கயில எதாச்சும் கண்ணுல பட்டா சொல்லு."

"சரி" என்றேன்.

துடைத்தேன். கோடு முன்னினும் தெளிவாகத் தெரிந்தது. அவன் முன்பக்கத்தில் படுத்து ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவன் தலை எனக்கு எட்டும் தொலைவில்தான் இருந்தது.

"பின்னாடி எப்புடி இருக்கு?"

"ஒன்றுமில்லை."

"எப்புடி இருக்கும்? வண்டி ஆரு வண்டி!"

அவன் அந்தக் கடைசிச் சொற்களைச் சொல்லாதிருந்தால் நான் வேறுவகையில் தொடர்ந்திருப்பேன் என்றே நினைக்கிறேன். பின்னச்சுக்கு மேலுள்ள வளைவில் பூச்சு சற்றுத் தடிப்பாக அமைந்துவிட்டது. அது உலர்ந்தபின் மீண்டும் ஒருமுறை தூரிகை படும்படி ஆயிற்று.

ஐப்பசி 6, திங்கள்

இன்று அவர்கள் ஆயுத பூசை என்று கொண்டாடும் நாள். நான் இவற்றில் கலந்துகொள்வதில்லை என்பது ஊரறிந்தது. மறைநாயகியை அவள் அக்காள் வீட்டில் விட்டுவிட்டுத் தெருவில் நின்றேன். உத்திராபதி வண்டிக்கு மாலையிட்டுச் சக்கரங்களின் கீழ் எலுமிச்சை வைத்து நசுக்கினான். பின்னர், ஆண்டுதோறும் செய்வதுபோல், வந்தவர்களையெல்லாம் குனியவைத்துக் கைவிளக்கை அடித்து அடிப்பகுதியைக் காட்டினான்.

"முன்பாதி நம்ம வேல. பின்பாதி பூரா சகல கை. பாருங்க எப்புடி வழவழன்னு இருக்கு. என்ன வுட நல்லாப் பூசிட்டாரு. மைக்குப் புடிக்கிற கைக்கு பிரஷ்ஷும் வருது!"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மறைநாயகியும் பார்த்தாள். என் மனைவியின் முகத்தில் நான் காண விரும்பிய ஒளி ஒன்று உண்டு. வெண்கலக் குரலோன் என்று எனக்குப் பட்டம் தந்த நாளிலும் அது வரவில்லை. இன்று, ஒரு வண்டியின் பின்புற வளைவுக்காக வந்தது.

பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஐப்பசி 8, புதன்

நேற்று மாநாட்டு ஊர்வலம். அவன் வண்டியின்மேல் நின்று பேசினேன். உரையில் கனல் குறைவு என்று இளவழுதி வருத்தப்பட்டான். காலை ஊன்றாமல் பேசினேன். ஓட்டுநர் அறையை ஒட்டியே, ஓரடி நகராமல் நின்று பேசினேன். அந்தப் பின்தட்டின் எந்தப் பலகை எந்த இடத்துக்கு மேலே இருக்கிறது என்பதை இந்த ஊரில் நான் ஒருவனே அறிவேன்.

ஐப்பசி 10, வெள்ளி

மறைநாயகி ஞாயிறன்று தஞ்சைக்குப் போகிறாள். தீபாவளிக்குச் சேலை எடுக்க. எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. ஆகவே ஆண்டுதோறும் அவள் அக்காளோடு போய் எடுத்து, அக்காள் வீட்டில் உடுத்திக்கொண்டு, மாலையில் பழஞ்சேலையோடு திரும்புவாள். போவது உத்திராபதியின் உப்பு வண்டியில். அவன் ஓட்ட, பெண்கள் இருவரும் முன்னறையில்.

"பேருந்தில் போகலாமே" என்றேன்.

"பண்டிய கூட்டத்துல பஸ்ல நிக்கச் சொல்றியளா? எட்டு வருசமா அந்த வண்டிலதான் போறன்."

"இந்த ஆண்டு வேண்டாம்."

"ஏன்?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"அத்தான் கூடப் போனா ஒங்களுக்குப் பொத்துக்கிட்டு வருது. அதான?"

நான் எழுந்து வெளியே வந்தேன். வாயிலில் என் வண்டி கறுத்து மின்னிக்கொண்டு நின்றது.

ஐப்பசி 11, சனி

உப்பளத்துக்குப் போனேன். தீபாவளியை முன்னிட்டுத் தேவை மிகுதி என்று வழக்கத்தைவிட ஓர் அடுக்கு கூடுதலாக ஏற்றினார்கள். மூட்டை விழும்போதெல்லாம் வண்டியின் வால் தாழ்ந்தது. தனியே அழைத்துச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் சுமையேற்றுவோருக்கு நடுவில் நின்று, "பின்பாதி பாத்தியளா, எங்க சகல வேல" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நாளைக் காலை, அவர்கள் புறப்படுமுன் சொல்வேன்.

ஐப்பசி 12, ஞாயிறு

நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எழுதுகிறேன்.

விடிந்ததும் மறைநாயகி தன் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் சொல்ல வேண்டியவற்றை வழிநெடுக அமைத்துக்கொண்டே நடந்தேன். தொடக்கத்தில் உத்திராபதியின் உழைப்பைப் பாராட்டுவது. நடுவில் இரும்பின் இயல்பை விளக்குவது. முடிவில், அண்மையில் எனக்கு ஓர் ஐயம் தோன்றியது என்று மெல்லத் தெரிவிப்பது. நல்ல கட்டமைப்பு. தெரு முனை திரும்பியபோது வண்டி உறுமிக்கொண்டிருந்தது. பெண்கள் ஏறி அமர்ந்திருந்தார்கள். மூட்டைகள் தார்ப்பாய்க்கு மேலே புடைத்துத் தெரிந்தன. மறைநாயகி சன்னலோரம் இருந்தாள். தலையில் பூ.

வண்டி நகர்ந்தது.

தொடக்கம், நடு, முடிவு மூன்றும் எங்கோ போய்விட்டன. நான் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு நேரே சாலையில் படுத்தேன். மறியல் எனக்குப் புதிதன்று. தொடர்வண்டிப் பாதையிலேயே படுத்தவன். ஆனால் அன்றெல்லாம் என்னோடு படுக்கத் தோழர்கள் இருந்தார்கள்.

உத்திராபதி தடையை மிதித்தான். வண்டி என் தோளுக்கு அருகில் குலுங்கி நின்றது.

"ஏ சகல! என்ன இது, மறியலா? தீவாளிய எதுத்தா?"

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். "கொடி எங்க ஐயா? கொடியில்லாம மறியல் செல்லாது" என்றார் ஒருவர்.

மறைநாயகி தலையை நீட்டினாள். "எந்திரிங்க மொதல்ல. ஊரு சிரிக்குது. மானத்த வாங்காதிய."

நான் எழவில்லை. படுத்தபடியே கத்தினேன். நான் கத்தியது எழுதத் தக்க தமிழன்று, ஆயினும் எழுதுகிறேன்.

"எறங்கு வேதா! எறங்குங்க எல்லாரும்! பின்னாடி சேஸு வெடிச்சிருக்கு! நான் பாத்தன்!"

வேதா என்று நான் அழைத்ததாலோ என்னவோ, அவள்தான் முதலில் இறங்கினாள்.

உத்திராபதி பொறியை நிறுத்தினான். "எங்க?" என்று மட்டும் கேட்டான். காட்டினேன். அவன் சாக்குகூட இல்லாமல் சாலையில் படுத்து உள்ளே நகர்ந்தான். சாவியால் சுரண்டும் ஒலி கேட்டது. பூச்சு தடிப்பு, நேரமாயிற்று. பிறகு ஒலி நின்றது. அவன் இரண்டு கால்கள் மட்டும் எங்களுக்குத் தெரிந்தன. அவை நெடுநேரம் அசையவில்லை.

நானும் குனிந்து பார்த்தேன். பாதி விரல் நீளமாக இருந்தது இப்போது விட்டத்தின் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது.

அவன் வெளியே வந்து அமர்ந்தான். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை.

"எப்ப பாத்த?"

"பூசுவதற்கு முன்."

"முன்னயா?"

"ஆம்."

"எதாச்சும் கண்ணுல பட்டா சொல்லுன்னு நான் ஒன்ன கேட்டனா இல்லையா?"

"கேட்டீர்கள்."

கோமளம் வாயில் கைவைத்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. மறைநாயகி எனக்கு எதிரே வந்து நின்றாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"மைக்கக் குடுத்தா மூணு மணி நேரம் பேசுறிய. இத ஒரு வரி சொல்ல வாயில்லாமப் போச்சா ஒங்களுக்கு?"



உப்பு தஞ்சைக்குப் போயாக வேண்டும். மூட்டைகளை என் வண்டிக்கு மாற்றினார்கள். கூடுதலாக ஏற்றிய அடுக்கை உத்திராபதி கீழேயே விட்டுவிட்டான். நானும் தூக்கப் போனேன். எனக்கு முன்னால் வந்த மூட்டையை அவன் வாங்கி வேறொருவரிடம் கொடுத்தான். பிறகு கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தேன். பெண்கள் ஏறினார்கள்.

என் வண்டி. என் இருக்கையில் அவன். அவனுக்கு அப்பால் சன்னலோரம் என் மனைவி. வண்டி தெருமுனையில் திரும்பும்வரை நின்று பார்த்தேன். அடிச்சட்டம் சிறிதும் நெளியாமல் பளுவைத் தாங்கிப் போயிற்று. அப்படிப் போகும்படி அதைச் செப்பனிட்டவன் அவன் என்பதை, அந்த நேரத்திலும், என்னால் பொறுக்க முடியவில்லை.

ஐப்பசி 13, திங்கள்

நேற்று மாலையே திரும்பிவிட்டார்கள். உத்திராபதி சாவியை என் கையில் தராமல் மதிற்சுவர்மேல் வைத்துவிட்டுப் போனான்.

மறைநாயகி இன்று பகல் வரை பேசவில்லை. சோறு போட்டு முடித்த பிறகு, எழுந்து போகும்போது, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"பொறாமதான?"

"அழுக்காறு என்பதே சரியான சொல்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியது. அவளுக்கு முன்பே விளங்கியிருந்தது.

ஐப்பசி 15, புதன்

வெடித்த இடத்தில் பட்டைத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும், அதற்குமுன் பின்பாதியின் பூச்சு முழுவதையும் நீக்கி வெறும் இரும்பாக்கித் தர வேண்டும் என்று பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். கோமளம் வந்து வாயிலிலேயே நின்று சொன்னாள்.

"பூசுனவரே வந்து சொரண்டட்டுங்குறாக. வாரியளா தம்பி?"

போனேன். இரண்டு நாள் வேலை இருக்கும். உத்திராபதி வந்து பார்க்கவில்லை. நான் வைத்த கறுப்பு நன்றாகப் பிடித்திருந்தது, எளிதில் வரவில்லை.

ஐப்பசி 19, ஞாயிறு

பின்பாதியில் தகடு வைத்தாகிவிட்டது. இனி என் வேலை முடிந்தது என்று கம்பித் தூரிகையை ஒப்படைக்கப் போனேன். உத்திராபதி வாய்க்கால் கரையில் நின்றான். அன்றைக்குப் பிறகு இன்றுதான் என்னோடு பேசினான்.

"முன்பாதியையும் சொரண்டு."

"முன்பாதி நீங்கள் பூசியது."

"நான் பூசுனதுதான். எட்டு வருசமா பாத்துப் பாத்துதான் தடவுனன். பின்னாடி வெடிச்சிருந்தது எனக்குத் தெரிஞ்சிச்சா? முன்னாடி மட்டும் என்னத்தக் கண்டன். சொரண்டு."

படுத்தேன். சுரண்டத் தொடங்கினேன்.

இனி எழுதப்போவதை எழுதாமலும் விடலாம். தூரிகை பட்டு அவன் பூச்சு உதிர்ந்த இடத்தையெல்லாம் நான் முகத்தை அருகில் வைத்துப் பார்த்தேன். ஒரு கோடு இருக்க வேண்டும் என்று விரும்பினேன். பெரிதாக வேண்டியதில்லை. நகக்கீறல் அளவு போதும். அவனும் கண்டு, அவனும் பேசாமல் மறைத்துப் பூசியதாக ஒன்றே ஒன்று. கிடைத்தால் அவனை அழைத்துக் காட்டுவேன், இருவரும் சமமாகிவிடுவோம், அவன் மறுபடியும் என்னைப் பார்த்துச் சிரிப்பான். துளை துளையாக, மூட்டு மூட்டாகத் தேடினேன். உச்சி வெயில் இறங்கியது. கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசித் தாங்கிக்கும் வந்து சேர்ந்தேன்.

இல்லை. ஒன்றுகூட இல்லை.

"எதும் இருக்கா?" என்று வெளியிலிருந்து கேட்டான்.

"இல்லை."

"நல்லாப் பாத்தியா?"

"பார்த்தேன்."

அவன் கைவிளக்கை எடுத்துவந்து என் பக்கத்தில் சாக்கை விரித்தான். நான் நகர்ந்து இடம் விட்டேன். அவன் படுத்து, நான் பார்த்து முடித்த ஒவ்வோர் இடத்தையும், முன்னாலிருந்து தொடங்கி, விரல் நகத்தால் தடவித் தடவி மறுபடியும் பார்த்தான்.